"கொம்பியூட்டர் பிழை விடாது" என்று நாங்கள் சொன்ன நாள்



கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் சேமித்து வைத்துவிட்டு இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது ஊரின் பெரியவர் ஒருவர் மறித்துக் கேட்டார். "சேர், சனிக்கிழமையில கெம்பஸ் புள்ளயளுக்கு கிளாஸ் எடுக்கிறீங்களாமே. அவங்க பெரிய பெரிய லெக்சரர்மாரிட்ட படிக்கிறவங்க. அவங்களுக்கு ஸ்கூல் சேர்மார் படிப்பிக்க என்ன இருக்கி?"

நியாயமான கேள்விதான். அந்த இடத்தில் சிரித்துச் சமாளித்துவிட்டு வந்துவிட்டோம். ஆனால் இந்தக் கேள்வியை வேறு பலரும் மனதில் வைத்திருப்பார்கள் என்று தோன்றியது. அதனால்தான் இந்தப் பதிவு.

நாங்கள் என்று எழுதுவது ஒரே பாடசாலையில் தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கும் எங்கள் இருவரையும் சேர்த்துத்தான். டைப் பண்ணுவது ஒருவர். டீச்சர் பக்கத்தில் இருந்து திருத்துகிறார். ஏனென்றால் இதில் வரும் பிழை எங்கள் இருவருடையதும்.

முதலில் வகுப்பைப் பற்றி. லீவில் ஊருக்கு வரும் கெம்பஸ் பிள்ளைகள் 14 பேர். ஆண் பிள்ளைகளும் இருக்கிறார்கள், பெண் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அதிபரின் அனுமதியோடு எங்கள் பாடசாலை லேபில் சனிக்கிழமை காலை ஒன்பது மணியிலிருந்து லுஹர் வரை. காசு வாங்குவதில்லை. புதிய கணினி மொழி எதுவும் நாங்கள் சொல்லிக் கொடுப்பதில்லை. அது அவர்களுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். நாங்கள் பேசுவது ஒரே விடயம்தான்: நீ எழுதின புரோகிராம் பிழைத்தால் என்ன செய்யும்? அதை யார் முதலில் அறிவார்? அதனால் பாதிக்கப்படுவது யார்?

இதைப் பேசும் தகுதி எங்களுக்குப் பட்டத்தால் வந்ததல்ல. நாங்கள் செய்த ஒரு பிழையால் வந்தது.

ஏழு வருடத்துக்கு முன் எங்கள் பாடசாலையில் தவணைப் பரீட்சைப் புள்ளிகளைக் கையால் கூட்டி, சராசரி பார்த்து, நிலை போட்டு, ரிப்போர்ட் எழுதுவதுதான் வழக்கம். வகுப்பாசிரியர்கள் இரண்டு மூன்று இரவு தூங்கமாட்டார்கள். நாங்கள் உற்சாகமாகப் பைதன் மொழியில் ஒரு புரோகிராம் எழுதினோம். பாட ஆசிரியர்கள் எக்ஸலில் புள்ளிகளைப் போட்டுத் தருவார்கள். எங்கள் புரோகிராம் அதை வாசித்து, கூட்டி, நிலை போட்டு, ரிப்போர்ட்டை அச்சுக்கு அனுப்பும். அரை மணித்தியாலத்தில் முழுப் பாடசாலையும் முடிந்துவிடும். அதிபர் கூட்டத்தில் வைத்துப் பாராட்டினார். எங்களுக்கும் கொஞ்சம் தலை வீங்கியது உண்மை.

மூன்றாம் தவணை ரிப்போர்ட் கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்திய இரவு, புரோகிராம் பாதியில் நின்றது. காரணம் சின்னது. பரீட்சைக்கு வராத பிள்ளைகளுக்கு ஆசிரியர்கள் புள்ளிக்குப் பதிலாக "ஏபி" என்று போட்டிருந்தார்கள். இலக்கம் வரவேண்டிய இடத்தில் எழுத்து வந்ததும், இது எனக்கு விளங்கவில்லை என்று புரோகிராம் நின்றுவிட்டது.

மணி பதினொன்று. நாங்கள் செய்தது இரண்டு வரி வேலை. பைதனில் "ட்ரை", "எக்ஸெப்ட்" என்று ஒரு ஏற்பாடு உண்டு. இதைச் செய்து பார், முடியாவிட்டால் அதற்குப் பதிலாக இன்னதைச் செய் என்று சொல்வது. அந்த "இன்னதைச் செய்" என்ற இடத்தில் நாங்கள் "பாஸ்" என்று எழுதினோம். ஒன்றும் செய்யாதே, பேசாமல் அடுத்ததுக்குப் போ என்று அர்த்தம். ஓட விட்டோம். நிற்காமல் கடைசி வரை ஓடியது. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டுப் படுத்தோம்.

விளங்காதவர்களுக்கு ஓர் உதாரணம். வீட்டு கரண்ட் போர்டில் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறது. எங்கோ கரண்ட் ஒழுகினால் அது டப்பென்று விழுந்துவிடும். தொந்தரவுதான். நோன்புக் காலத்தில் ஸஹருக்குச் சமைக்கும் நேரம் பார்த்து விழும். அதற்காக யாராவது அதைக் கம்பியால் கட்டி, விழாமல் வைத்தால் என்ன சொல்வீர்கள்? நாங்கள் அந்த இரவு செய்தது அதைத்தான்.

ரிப்போர்ட் கொடுத்து இரண்டு நாள். ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி லேப் வாசலில் வந்து நின்றாள். கணிதத்துக்கு 23 என்று ரிப்போர்ட்டில் இருக்கிறது. "நான் நல்லாத்தான் செஞ்ச சேர். எழுபதுக்கு மேல வரும்" என்றாள். நாங்கள் எக்ஸலைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தானே சொல்வார்கள். "மகள், இது கையால கூட்டினதில்ல. கொம்பியூட்டர் பிழை விடாது" என்று சொல்லி அனுப்பிவிட்டோம்.

அடுத்த நாள் அவளுடைய வாப்பா வந்தார். மீன் வியாபாரி. காலையில் கடற்கரைக்குப் போய்விட்டு உடுப்பு மாற்றி வந்திருந்தார். "கொம்பியூட்டர் போட்ட மார்க்ஸா சேர்?" என்று மட்டும் கேட்டார். ஓம் என்றோம். மனிதர் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். அன்று வீட்டில் என்ன நடந்தது என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரியும். அதை இங்கு எழுதவில்லை.

லீவு முடிந்து ஜனவரியில் பாடசாலை தொடங்கியது. மொத்தப் புள்ளியை வைத்து வகுப்புப் பிரித்தபோது அவள் ஏ வகுப்பிலிருந்து சி வகுப்புக்குப் போனாள். மூன்றாம் கிழமை கணித ஆசிரியர் அலுமாரியைத் துப்புரவாக்கும்போது பழைய விடைத்தாள் கட்டை எடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். அவளுடைய தாளில் சிவப்பு மையில் 80 என்று வட்டமிட்டிருந்தது. அதை எடுத்துக்கொண்டு அவள் எங்களிடம் வரவில்லை. நேராக அதிபரிடம் போனாள். எங்களிடம் வந்து பயனில்லை என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

அன்று பின்னேரம் எக்ஸலைத் திறந்தோம். கணிதப் பத்தியில் எல்லா இலக்கங்களும் பெட்டியின் வலப்பக்கம் ஒட்டி நின்றன. அவளுடைய 80 மட்டும் இடப்பக்கம் ஒட்டி நின்றது. எக்ஸலில் இலக்கம் வலப்பக்கம் நிற்கும், எழுத்து இடப்பக்கம் நிற்கும். கிட்டப் பார்த்தோம். அது எட்டும் பூச்சியமும் அல்ல. எட்டும் "ஓ" என்ற ஆங்கில எழுத்தும். கீபோர்டில் பூச்சியத்துக்குக் கீழேதான் அந்த எழுத்து இருக்கிறது. களைத்துப்போன ஓர் ஆசிரியரின் விரல் வழுக்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

பிறகு நடந்ததுதான் எங்கள் பிழை. புரோகிராம் அந்த இடத்துக்கு வந்ததும் விளங்கவில்லை. விளங்கவில்லை என்று சொல்லவேண்டிய வாயை நாங்கள் ஏற்கெனவே கட்டிவிட்டோம். ஆகவே அது பேசாமல் போனது. ஆனால் அதன் கையில் முந்திய பிள்ளையின் புள்ளி அழியாமல் இருந்தது. 23. அதையே இவளுக்கும் போட்டுவிட்டது.

முழுப் பாடசாலையையும் திரும்பப் பார்த்தோம். 11 இடத்தில் பிழை. அவளைத் தவிர மற்றப் பத்தும் பரீட்சைக்கு வராத பிள்ளைகள். அவர்களுக்கெல்லாம் பட்டியலில் தங்களுக்கு மேலே இருந்த பிள்ளையின் புள்ளி கிடைத்திருந்தது. பரீட்சை எழுதாத ஒருவனுக்கு விஞ்ஞானத்தில் 91. அந்தப் பத்துப் பேரில் ஒருவரும், ஒரு பெற்றோரும் வந்து சொல்லவில்லை. பிழையால் லாபம் அடைந்தவர்கள் முறைப்பாடு செய்ய வருவதில்லை. நட்டப்பட்ட ஒருத்திதான் வந்தாள். அவளையும் நாங்கள் திருப்பி அனுப்பினோம்.

அவளுடைய வீட்டுக்குப் போய் வாப்பாவிடமும் உம்மாவிடமும் மன்னிப்புக் கேட்டோம். தேத்தண்ணி ஊற்றித் தந்தார்கள். ரிப்போர்ட்டைத் திருத்திக் கொடுத்தோம். ஏ வகுப்புக்கு மாற்றவும் அதிபர் தயாராக இருந்தார். அவள் வேண்டாம் என்றுவிட்டாள்.

இதை நாங்கள் முதல் வகுப்பிலேயே கெம்பஸ் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். பெயர் சொல்வதில்லை. சொல்லிவிட்டு அந்த இரண்டு வரியைத் திரையில் போட்டுக் காட்டுவோம். முதலில் சிரிப்பார்கள். பிறகு, உங்களில் எத்தனை பேருடைய புரஜெக்டில் இதே மாதிரி வரி இருக்கிறது என்று கேட்போம். ஒவ்வொருவராக லெப்டொப்பைத் திறந்து தேடுவார்கள். லேப் அமைதியாகிவிடும்.

இரண்டாவது வேலை அடையாள அட்டை இலக்கம். ஓர் ஆளுடைய இலக்கத்தைக் கொடுத்தால் அது சரியான அமைப்பில் இருக்கிறதா என்று பார்க்கும் புரோகிராம் எழுதுங்கள் என்போம். இருபது நிமிடத்தில் எல்லோரும் முடித்துவிடுவார்கள். ஒரு முறை ஒரு மகன் மிகவும் அழகாக எழுதியிருந்தான். வருடம் பார்க்கிறது. அடுத்த மூன்று இலக்கம் வருடத்தின் எத்தனையாவது நாள் என்பதால், 366க்கு மேல் போனால் பிழை என்கிறது. டீச்சர் தன்னுடைய அட்டை இலக்கத்தைக் கொடுத்தார். பிழை என்றது. பக்கத்தில் இருந்த பெண் பிள்ளைகள் நான்கு பேரும் தங்களுடையதைப் போட்டார்கள். எல்லாம் பிழை. எங்கள் நாட்டு அடையாள அட்டையில் பெண்களுக்கு நாள் இலக்கத்தோடு 500 கூட்டப்படும் என்பது அவனுக்குத் தெரியாது. அவன் பரிசோதித்தது தன்னுடைய அட்டையையும் ரூம்மேட்டின் அட்டையையும் மட்டும். நாட்டில் பாதிப் பேரை அவனுடைய புரோகிராம் ஆளே இல்லை என்று தள்ளிவிட்டது. பிறகு பழைய ஒன்பது இலக்க அட்டை வைத்திருக்கும் மூத்தம்மாமார் வேறு இருக்கிறார்கள். அட்டையின் கடைசியில் வரும் ஆங்கில எழுத்தைச் சிலர் பெரிதாகவும் சிலர் சிறிதாகவும் அடிப்பார்கள்.

அவன் கெட்டிக்காரன். புரோகிராமில் இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. அவனுடைய மனதில் இருந்த ஊர் சின்னதாக இருந்தது, அதுதான் பிரச்சினை. அதனால்தான் இப்போது சொல்கிறோம்: எழுதத் தொடங்குமுன் இதைப் பாவிக்கப்போகிறவர்களின் பட்டியலை எழுது. உன்னைப் போல் இல்லாத ஐந்து பேரை அதில் சேர்.

பெயர் விடயத்திலும் இப்படித்தான். எங்கள் ஊரில் எத்தனை மொஹமட் என்று உங்களுக்குத் தெரியும். தமிழில் "மொ" என்ற எழுத்தைக் கணினியில் இரண்டு விதமாகப் பதியலாம். "ம" வுக்குப் பிறகு ஒற்றைக் குறியாக "ொ" போடலாம். அல்லது கொம்பையும் காலையும் தனித்தனியாகப் போடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கணினிக்கு வேறு வேறு. ஒருவர் ஒரு விதமாகப் பதிய, இன்னொருவர் மற்ற விதமாகத் தேடினால், அப்படி ஓர் ஆள் இல்லை என்று வரும். எழுத்துகளை ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட்டு ஒப்பிட வேண்டும். அதற்குத் தயாரான கட்டளை பைதனிலேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் உள்ள பாடப் புத்தகத்தில் இந்தப் பிரச்சினையே பெரிதாக வராது, ஏனென்றால் அது ஆங்கிலப் பெயர்களுக்கு எழுதியது. தமிழில் பாவிக்கப்போகிறவர்களுக்காக எழுதும் பிள்ளைகள்தான் இதை யோசிக்க வேண்டும்.

தொலைபேசி இலக்கத்தை எண்ணாகச் சேமித்து முன்னால் உள்ள பூச்சியத்தைத் தொலைப்பது, காசைத் தசமத்தில் கூட்டுவது, இவையெல்லாம் அடுத்த வகுப்புகளில் வரும். பைதனில் 0.1 உடன் 0.2 ஐக் கூட்டச் சொன்னால் 0.30000000000000004 என்று காட்டும். நம்பாதவர்கள் பிள்ளைகளிடம் சொல்லிச் செய்து பாருங்கள். கணினி இரண்டின் அடிப்படையில் எண்ணுவதால் 0.1 ஐ அதனால் முழுமையாக எழுத முடியாது. நாங்கள் மூன்றில் ஒன்றை 0.333 என்று எழுதி முடிக்க முடியாமல் நிற்பது போல. இந்தத் துளி வித்தியாசத்தால் என்ன வரும் என்று கேட்கும் பிள்ளைக்கு நாங்கள் சொல்வது சவூதி தஹ்ரானில் 1991 பெப்ரவரி 25 அன்று நடந்ததை. அங்கு நிறுத்தியிருந்த பேட்ரியட் ஏவுகணைத் தொகுதி நேரத்தைப் பத்தில் ஒரு செக்கனாக எண்ணியது. நூறு மணித்தியாலம் நிறுத்தாமல் ஓடியதில் அந்தத் துளி சேர்ந்து சேர்ந்து செக்கனில் மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. வந்த ஸ்கட் ஏவுகணையை அது பிழையான இடத்தில் தேடியது. 28 அமெரிக்கப் படையினர் இறந்தார்கள். ஸகாத் கணக்கோ சந்தாக் கணக்கோ எழுதும்போது காசைச் சதமாக, முழு எண்ணாக வைத்துக்கொள் என்று சொல்வதற்கு இதுதான் காரணம்.

ஆனால் இவையெல்லாம் நுட்பம். கெட்டித்தனமான பிள்ளை ஒரு மாதத்தில் பிடித்துவிடும். நாங்கள் அதிக நேரம் எடுப்பது இரண்டு சம்பவங்களுக்கு.

ஒன்று, தெரக்-25 என்ற புற்றுநோய்க் கதிர்ச் சிகிச்சை இயந்திரம். 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மிக மிக அதிகமான கதிர் பாய்ந்தது. சிலர் அதனாலேயே இறந்தார்கள். முந்திய மாதிரிகளில் கதிர் அளவு மீறினால் தடுக்க இரும்பால், மின்சுற்றால் ஆன பாதுகாப்புகள் இருந்தன. புதியதில் மென்பொருள் பார்த்துக்கொள்ளும் என்று அவற்றை எடுத்துவிட்டார்கள். இயக்குபவர் ஒரு பிழையைத் திருத்த வேகமாக டைப் செய்தால் மட்டும் வெளிவரும் ஒரு கோளாறு அந்த மென்பொருளில் இருந்தது. அப்போது திரையில் வந்தது "மல்பங்ஷன் 54" என்ற ஒரு சொல்லும் ஓர் இலக்கமும்தான். என்ன அர்த்தம் என்று யாருக்கும் தெரியாது. அடிக்கடி இப்படி ஏதாவது வரும் என்பதால் ஒரு பொத்தானை அழுத்தித் தொடர்வார்கள். எரிகிறது என்று நோயாளி சொன்னபோது, அப்படி நடக்க வாய்ப்பே இல்லை என்ற பதில்தான் வந்தது. கடைசியில் டெக்சாஸில் ஒரு வைத்தியசாலையின் பௌதிகவியலாளரும் இயந்திரத்தை இயக்கியவரும் திரும்பத் திரும்ப டைப் செய்து பார்த்துத்தான் அந்தக் கோளாறை வெளியே கொண்டுவந்தார்கள்.

மற்றது, பிரித்தானியாவின் தபால் நிலையங்கள். எங்கள் ஊர்களில் இருப்பது போலவே அங்கும் உப தபாலகங்கள் உண்டு. ஒரு கடையோடு சேர்த்து ஒரு குடும்பம் நடத்தும். 1999 இல் இருந்து ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருளை அங்கு கொண்டுவந்தார்கள். புஜிட்சு நிறுவனத்தினுடையது. அது இல்லாத பற்றாக்குறையைக் காட்டத் தொடங்கியது. உப தபாலதிபர்கள் நாங்கள் எடுக்கவில்லை என்றார்கள். மென்பொருள் சரி, நீங்கள்தான் கள்ளர் என்றது நிர்வாகம். சொந்தக் காசைப் போட்டு அடைத்தவர்கள் எத்தனையோ பேர். வீடு விற்றவர்கள் இருக்கிறார்கள். 900க்கு மேற்பட்டவர்கள் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டார்கள். கர்ப்பிணித் தாய் ஒருவர் 2010 இல் சிறைக்குப் போனார். உங்களுக்கு மட்டும்தான் இந்தப் பிரச்சினை, வேறு யாருக்கும் இல்லை என்று பலருக்கும் சொல்லப்பட்டிருக்கிறது. அந்த மென்பொருளில் பிழைகள் இருந்தன என்று 2019 டிசம்பரில் நீதிமன்றம் சொன்னது. தண்டனைகளை மொத்தமாக இரத்துச் செய்யும் சட்டம் 2024 மே மாதம்தான் வந்தது.

அதில் வெளிவந்த கோளாறுகளில் ஒன்று பிள்ளைகளை அதிகம் யோசிக்க வைக்கும். காசு வந்து சேர்ந்ததை உறுதிப்படுத்தும் திரை உறைந்துபோனது போல நிற்கும். ஆள் திரும்பத் திரும்ப என்டரைத் தட்டுவார். ஒவ்வொரு தட்டலையும் அது புதிதாகக் காசு வந்ததாகப் பதிந்துகொள்ளும். திரையில் ஒன்றும் தெரியாது. எங்கள் இரவு வேலையைப் போலவே, சத்தமில்லாத பிழை.

இந்த இரண்டையும் சொல்லும்போது எங்கள் குரல் ஒருமாதிரி ஆகிவிடும் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். இருக்கலாம். நாங்கள் அந்த நிர்வாகத்தின் கதிரையில் ஒரு நாள் இருந்திருக்கிறோம் அல்லவா? எங்கள் முன்னால் நின்றது ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளை. அவ்வளவுதான் வித்தியாசம்.

பிள்ளைகள் எதிர்க் கேள்வியும் கேட்பார்கள். "சேர், கெம்பஸ்ல அவுட்புட் வந்தா மார்க்ஸ். இப்பிடி ஒவ்வொண்டா டெஸ்ட் பண்ணிட்டு இருந்தா டெட்லைன் முடிஞ்சிரும்." உண்மைதான். "இப்ப ஆரு சேர் கையால கோட் எழுதுற? சட்ஜிபிடி எழுதித் தரும்." அதுவும் உண்மை. நாங்கள் தடுப்பதில்லை. ஒரே ஒரு நிபந்தனை. அது எழுதித் தந்த ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்று எங்களுக்கு முன்னால் நின்று சொல்ல வேண்டும். சொல்ல முடியாத வரியை எடுத்துவிட வேண்டும். நாங்கள் அந்த இரவு எழுதியது போன்ற, பிழையை விழுங்கும் வரிகளை அதுவும் தாராளமாக எழுதித் தருகிறது. நாளைக்கு ஒரு பிள்ளை வாசலில் வந்து நின்றால் பதில் சொல்லப்போவது அதுவல்ல, நீதான் என்று சொல்கிறோம்.

இன்னொன்று பாதுகாப்பு. ஒரு மகள் மூன்றாம் வருடப் புரஜெக்டுக்காக ஊரில் சில வீடுகளின் விபரத்தைச் சேகரித்திருந்தாள். பெயர், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி, வருமானம். அந்தத் தரவுக்கான ரகசியச் சொல்லைப் புரோகிராமுக்குள்ளேயே எழுதி, கிட்ஹப்பில் எல்லோரும் பார்க்கும்படி போட்டிருந்தாள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. எல்லோரும் அப்படித்தானே போடுகிறார்கள் என்றாள். 2022 இல் எங்கள் நாட்டில் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருப்பதைப் பற்றிச் சொன்னோம். பெரிதாக ஏறவில்லை. பிறகு டீச்சர் கேட்டார்: "பக்கத்து வீட்டு ராத்தா பயணம் போகக்குள்ள நகையை உங்கட உம்மாட்ட அமானிதமாத் தந்தா, உம்மா அத திண்ணையில வைப்பாவா?" அன்றைக்கே ரகசியச் சொல்லை மாற்றி, விபரங்களையும் அழித்தாள். சட்டம் சொல்ல முடியாததை அமானிதம் என்ற சொல் சொல்லிவிட்டது.

இந்த வகுப்பால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். எங்கள் மாணவன் ஒருவன், இறுதி வருடம். ஊர் ஜனாஸா நலன்புரிச் சங்கத்துக்கு ஒரு புரோகிராம் செய்து தரக் கேட்டார்கள். சந்தா கட்டியவர் யார், நிலுவை யாருக்கு என்று பார்க்க. நிலுவை கூடினால் தானாகவே பெயரை நீக்கும்படி செய்யச் சொல்லியிருக்கிறார்கள். அவன் மறுத்துவிட்டான். "பிழையா நீக்கிட்டா, ஒரு மையித் வீட்டுக்காரர் வந்து நிக்கக்குள்ளதானே தெரியவரும்?" என்று கேட்டிருக்கிறான். அவனுடைய புரோகிராம் யாரையும் நீக்காது. சந்தேகமான பெயர்களைத் தனியாகக் காட்டும், செயலாளர் கொப்பியைப் பார்த்து முடிவெடுப்பார். பதிந்த எதையும் அழிக்க முடியாது. பிழைத்தால் கணக்குப் புத்தகத்தில் செய்வது போல இன்னொரு திருத்தப் பதிவுதான் போடலாம், யார் போட்டது என்ற பெயரோடு. ஒரே சந்தாவை இரண்டு முறை தட்டினால் இரண்டாவதைப் பதியாமல் கேள்வி கேட்கும்.

மூன்று மாதம் பழைய கொப்பியையும் புரோகிராமையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட விட வேண்டும் என்று அவன் பிடிவாதமாக நின்றான். சங்கத்தில் சிலருக்குக் கோபம். இவ்வளவு படித்தும் உன் வேலையில் உனக்கே நம்பிக்கை இல்லையா என்று கேட்டார்களாம். மூன்று மாத முடிவில் இரண்டு இடத்தில் வித்தியாசம் வந்தது. ஒன்றில் கொப்பி பிழை. மற்றதில் அவனுடைய புரோகிராம் பிழை. இரண்டையும் கூட்டத்தில் எழும்பி நின்று அவனே சொன்னான். அந்தச் செய்தி கேட்ட அன்று எங்களுக்கு வந்த சந்தோஷம், எங்கள் பிள்ளைகள் ஏ எடுத்தபோதுகூட வந்ததில்லை.

கடைசியாக அந்தப் பிள்ளையைப் பற்றி. அவள் ஏ.எல். கலைப் பிரிவில் செய்தாள். இப்போது முன்பள்ளி ஆசிரியை. கணிதத்தை அவள் விட்டதற்கு நாங்கள்தான் காரணமா என்று தெரியாது. கேட்கவும் துணிவில்லை. இந்தப் பதிவை எழுதுமுன் அவளிடம் அனுமதி கேட்கப் போனோம். பெயர் போடாமல் எழுதுங்கள் என்றாள். மார்க்ஸ் பிழைத்ததற்கு இன்னும் ஒரு முறை மன்னிப்புக் கேட்டோம்.

"மார்க்ஸ் பிழைச்சது பெரிசில்ல சேர். அது ஆருக்கும் நடக்கும். நான் சொன்னத நீங்க ஒருக்காக்கூட பாக்கல்லயே, அதுதான்" என்றாள்.

ஹாஜியார், ஸ்கூல் சேர்மாருக்குப் படிப்பிக்க என்ன இருக்கிறது என்று கேட்டீர்களே. இதுதான் இருக்கிறது.

உங்கள் கடைக்கோ, பள்ளிவாசலுக்கோ, பாடசாலைக்கோ யாராவது மென்பொருள் செய்து தந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். பிழையான தரவு வந்தால் இது நின்று சொல்லுமா, பேசாமல் போகுமா? யார் எப்போது எதை மாற்றினார் என்று பிறகு பார்க்கலாமா? ஓர் ஆள் வந்து இது பிழை என்று சொன்னால், திறந்து பார்க்க வழி இருக்கிறதா? செய்து தருபவர் நல்லவராக இருந்தால் கோபப்படமாட்டார்.

அடுத்த தொகுதி இன்ஷா அல்லாஹ் வருகிற லீவில் தொடங்கும். கெம்பஸில் கணினி, பொறியியல், தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளைகள் யாரும் வரலாம். இன்பொக்ஸில் பெயரைத் தாருங்கள். லேபில் 20 பேருக்குத்தான் இடம். வரும்போது அடையாள அட்டையைக் கொண்டு வாருங்கள். உங்களுடையது மட்டுமல்ல, உம்மாவுடைய இலக்கத்தையும் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.

எங்களுக்காகவும் அந்தப் பிள்ளைக்காகவும் துஆச் செய்துகொள்ளுங்கள்.